ஆஸ்பத்திரிக்கு முந்தின நான்கு நாட்கள்

நானும் என் மனைவியும் சென்னையில் ஊர் சுற்றிப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே முறைதான். நான்கு நாள். புதன்கிழமை காலையில் ஆரம்பித்து சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது. சனிக்கிழமை மாலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். திங்கட்கிழமை அவளுடைய நாக்கில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் புற்று கழுத்தில் திரும்ப வந்தது. இப்போது அவள் இல்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொல்லி யாரையும் திடுக்கிட வைக்கிற ஆசை எனக்குக் கிடையாது.

திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. அவள் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீசையும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டுபிடித்து, தொங்கும் நூல் பிசிறை வெட்டி அடுக்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். "கம்பெனிக்கு நீங்க சூப்பர்வைசர், ஊட்டுக்கு அக்கா சூப்பர்வைசர்" என்று செக்கிங் பெண்கள் கேலி பேசுவார்கள். பொய்யில்லை. அவளுக்கு வாய் அதிகம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்பது அவள் குரல்தான். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. திருப்பூர் ராயபுரத்தில் இரண்டே அறை உள்ள வீடு. கேட்டதற்குப் பதில் சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். மிச்சம் எல்லாவற்றையும் அவளே பேசினாள்.

நூல் வெட்டுவதற்கு ட்ரிம்மர் என்று விரலில் மாட்டிக்கொள்கிற சின்னக் கத்தரி கொடுப்போம். ஆனால் அவசரத்தில் கத்தரியைத் தேடுவதைவிடப் பல்லால் கடித்து அறுப்பது சுலபம். இந்த வேலையில் வருஷக்கணக்காக இருக்கும் பெண்களின் பல்லைப் பார்த்தால் தெரியும், சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். என் மனைவிக்கும் இருந்தது. அதனால் அவள் நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தபோது ஹாலில் அத்தனை பேரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள். நூல் கடித்துக் கடித்துப் பல் கூராகிவிட்டது, அதுதான் நாக்கை அறுக்கிறது, நூல் புண், தானாக ஆறிவிடும்.

நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னது மட்டுமா, "கத்தரி எதுக்குக் குடுத்திருக்குது? பல்லுல கடிக்காதேன்னா கேக்கறயா நீ? நல்லா வேணும்" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் வேறு போட்டேன். மணத்தக்காளிக் கீரை கடைந்து சாப்பிட்டாள். தேங்காய்ப்பால் குடித்தாள். மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆறவில்லை. கோயமுத்தூர் போய்க் காட்டிவிட்டு வரலாமா என்று இரண்டு முறை கேட்டாள். "இந்த ஷிப்மென்ட் போகட்டும்" என்றேன். எங்கள் ஊரில் காதுகுத்து, கல்யாணம், கண் ஆபரேஷன் எல்லாமே ஷிப்மென்ட் போன பிறகுதான். ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும். அப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அவள் காதுக்குள் வலி, கழுத்தில் ஒரு கட்டி. கோயமுத்தூரில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

சென்னை டாக்டர் டார்ச் அடித்து அவள் வாயைப் பார்த்தார். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். அவள் வாயை மூடுவதற்குள் நான் முந்திக்கொண்டு, "ரெண்டு மாசமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், பயம். திட்டு வாங்கப் பயம். ஐம்பது வயதுக் கழுதைக்கு அப்படி ஒரு பயம். அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கும் நாலு வார்த்தை பேசுகிறவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமையே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பேச்சு இனிமேல் பழையபடி இருக்காது, மற்றவர்களுக்குப் புரியுமா என்று இப்போது சொல்ல முடியாது, ருசி பெரும்பாலும் போய்விடும், கொஞ்ச நாள் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது, ஊருக்குப் போய்விட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் திரும்பி வரலாம் என்றேன். மனசுக்குள் வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டிய கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. என்னை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"நான் வர்லீங்க" என்றாள். "எத்தன வருசமா மெட்ராசு பாக்கோணும்னு கேட்டுட்டு இருக்கறேன். ஒவ்வொரு தீவாளி லீவுக்கும் ஒவ்வொரு சாக்குச் சொன்னீங்க. இப்ப நாலு நாளு கெடச்சிருக்குது. ஊரு பாக்கலாம். நல்லா திங்கலாம். அப்பறம் திங்கறதுக்கு நாக்கு இருக்காதுங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த நான்கு நாளில் அவளுக்கு ஆயிரம் வேலை இருந்தது. எனக்கு ஒன்றுதான். ஏழு மாதம் இழுத்தடித்தது நான்தான், டாக்டரிடம் பொய் சொன்னதும் நான்தான் என்று அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் வாயால் ஒரு பதில் வாங்கிவிட வேண்டும். மன்னித்தாலும் சரி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாலும் சரி. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தக் குரல் எனக்குக் கிடைக்காது.

புதன்கிழமை காலையில் மயிலாப்பூர் போனோம். குளத்தைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லி, வடை, பொங்கல், ரவா தோசை என்று அவள்தான் அடுக்கினாள். இட்லியைப் பாலில் ஊறப்போட்டு வலது பக்கமாக வைத்து இரண்டு வாய் சாப்பிட்டாள். சாம்பாரில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்ததற்கே கண் கலங்கிவிட்டது. மற்ற தட்டுகளையெல்லாம் என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க தின்னு போட்டு எப்பிடி இருக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க."

வடையைத் தின்றுவிட்டு, "நல்லாருக்குது" என்றேன்.

"இருவத்தஞ்சு வருசமா ஊட்டுலயும் இந்த ஒத்த வார்த்தைதான். அதும் நானாக் கேட்டாத்தான். இன்னைக்கு அது பத்தாதுங்க. ஒழுங்காச் சொல்லுங்க."

எனக்கு எங்கே அதெல்லாம் வரும்? தெரிந்தது ஒன்றுதான். வடையைத் திருப்பிப் பார்த்தேன். "ஓரம் நல்லா மொறுமொறுன்னு இருக்குது. நடுவுல சித்த வேகல. மொளகு ஒரே பக்கமா ஒதுங்கிருச்சு. உப்பு அளவாத்தான் இருக்குது" என்றேன்.

"பாஸா, ரிஜெக்டா?"

"பாஸ் பண்ணலாம். ஆல்ட்ரேசன் இருக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தால் வலிக்கும். அன்று முழுக்க அதுதான் விளையாட்டு. ரவா தோசைக்கு ஒன்று, காபிக்கு ஒன்று, சாயங்காலம் தின்ற கொத்து பரோட்டாவுக்கு ஒன்று என்று ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டே வந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு வயிற்றில் இடம் இல்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறவளிடம் அந்தப் பேச்சை எடுப்பானேன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சவுகார்பேட்டை. மனிதர்கள் இடித்துக்கொண்டு நடக்கும் சந்து. எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஜிலேபி எடுத்துப் பாகில் முக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலை ஏடு படியச் சுண்டக் காய்ச்சிய ரப்ரி ஒரு கிண்ணத்தில் வாங்கினோம். அது அவளுக்கு வலிக்கவில்லை. ஒரு கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். கண்ணைத் திறந்து, "இது மாரி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். இன்னொரு கிண்ணம் வாங்கினேன். அதையும் முழுக்கச் சாப்பிட்டாள். அந்த நான்கு நாளில் அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

அங்கிருந்து பாரிமுனைப் பக்கம் நடந்தோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட கடைகள். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, வெங்காயமும் புளித்தண்ணீரும் மிளகாய்த் தூளும் போட்டு அத்தோ என்று கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் நின்று வாசம் பிடித்தாள். கடைக்காரரிடம் எந்தக் காலத்தில் வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று வரிசையாக விசாரித்தாள். அவரும் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பதில் சொன்னார். பேச்சு இப்போதே கொஞ்சம் குழறும். ஆனாலும் நிறுத்தவில்லை. பஸ் கண்டக்டர், பூக்காரி, லாட்ஜில் தண்ணீர் கொண்டுவரும் பீகார்க்காரர், ஒருத்தரை விடவில்லை. சாப்பிடத்தான் வந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் பேசித் தீர்க்க வந்திருக்கிறாள் என்று அந்தக் கடை முன்னால்தான் எனக்கு உறைத்தது. கையில் தட்டை வைத்துக்கொண்டு அழுதேன். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை மெரினா. அவள் கடல் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் தொடும் இடம் வரைக்கும் ஓட்டமாகப் போனாள். பிறகு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏனுங்க, உப்பும் தண்ணியும் சேந்தாப்புல இத்தன கெடக்குதே. சாயம் ஏத்த உப்புக்கும் தண்ணிக்கும் அலையற நம்மூரு சாயப்பட்டறைக்காரங்க கண்ணுல பட்டா உட்டு வெப்பாங்களா?"

கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். இறங்கினோம். மணலில் குவித்துப்போட்டு விற்ற டீ-ஷர்ட்டில் ஒன்றை எடுத்து, பழக்க தோஷத்தில் கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். கையில் ஒரு அடி வைத்தாள். "இங்கயுமா?" என்றாள். அப்புறம் அவளே வாங்கித் திருப்பிப் பார்த்து, "ரெண்டு எடத்துல தையல் உட்டிருக்குது" என்று ரகசியமாகச் சொன்னாள்.

மாலையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கினோம். அவளால் மெல்ல முடியாது என்று தெரியும். மிளகாய்த் தூள் தடவிய மாங்காய்த் துண்டு ஒன்றை எடுத்தாள். "வேண்டாம் புள்ள" என்றேன். கேட்கவில்லை. வாயில் போட்டாள். கன்னம் இழுத்தது. கண்ணிலிருந்து கொட்டியது. துப்பு என்று கையை நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, கடைசிவரை சப்பி விழுங்கினாள்.

"எரியட்டுங்க. எரியறதாச்சும் தெரியுதுல்ல இப்ப" என்றாள்.

இதற்குமேல் தள்ளினால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்தேன். "ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "சொல்லுங்க" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். முழுசாகத் திரும்பி, சேலையை ஒதுக்கிவிட்டு, காத்திருந்தாள்.

போன் அடித்தது. கம்பெனி. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, முப்பது பெட்டியில் சைஸ் ஸ்டிக்கர் மாறிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டார்கள். நான் எழுந்துபோய்ப் பேசினேன். ஆமாம், எழுந்து போனேன். எந்தப் பெட்டியைப் பிரிப்பது, யாரை ஓவர்டைமுக்கு நிறுத்திவைப்பது என்று கால் மணி நேரம் கடற்கரையில் நின்று கத்தினேன். திரும்பி வந்தபோது அவள் குல்ஃபி விற்கிறவரோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள், பாதி உருகிவிட்டது.

"என்னமோ சொல்லோணும்னீங்க?"

"ஒண்ணுமில்ல. மறந்து போச்சு."

"ஷிப்மென்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். கேலியா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவளும் அந்தக் கம்பெனிக்காரிதானே.

சனிக்கிழமை மத்தியானம் வாழை இலையில் முழுச் சாப்பாடு வேண்டும் என்றாள். கூட்டு, பொரியல், வத்தக்குழம்பு, அப்பளம், பாயசம் எல்லாம் வந்தது. சோற்றைத் தயிர் விட்டுக் குழையப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டாள். மீதியில் ஒவ்வொன்றிலும் துளி எடுத்து நாக்கில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். கூட்டில் சீரகம் அதிகம். குழம்பில் புளி சரியாகக் கொதிக்கவில்லை. "நான் வெச்சா இதவிட நல்லா வெப்பேன். என்னுங்க?" என்று கேட்டாள்.

"நீ வெக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன், ஓட்டலில் எல்லோரும் பார்ப்பார்கள். "ஆமா" என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம்.

இன்னும் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரத்தம் எடுப்பது, கையெழுத்து வாங்குவது என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். வராத நேரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரி இருந்தாள். திங்கட்கிழமை காலை தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். கூடவே நடந்தேன். கதவு வரைக்கும் இருபது முப்பது அடி இருக்கும். சொல்லிவிடலாம், மூன்று வார்த்தைதான். அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். கதவு அருகில் அவள் தலையைத் தூக்கி, "லாட்ஜுல என்ற பச்சத் துண்டு காயுது. மறக்காம எடுத்துக்கங்க" என்றாள். அவள் தெளிவாகப் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

துண்டை எடுக்கப் போகவில்லை. அது வேறு யாரிடமோ போயிருக்கும்.

தொடையிலிருந்து சதை எடுத்து நாக்கு மாதிரி ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய். தேவையானதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். தண்ணி. தலகாணி. நீங்க தூங்குங்க. ஊருக்கு வந்து மூன்று மாதத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். ராகிக் கஞ்சியை வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுப்பேன், தலையை அண்ணாந்து மெதுவாக இறக்குவாள். பேச்சுப் பயிற்சிக்குப் போனாள். அவளுக்கு வந்தது சத்தம்தான். மேடும் பள்ளமுமாக, இழுத்து இழுத்து, எழுத்து ஒன்றும் பிடிபடாத சத்தம். வெட்கப்பட்டு, யார் வந்தாலும் உள்ளே போய்விடுவாள். செக்கிங் பெண்கள் வந்தபோதுகூட வெளியே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். கஞ்சி குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். போனை அணைத்து வைத்தேன். ஒரு வழியாக என் வாயில் அது வந்துவிட்டது.

"ஏழு மாசம் நாந்தான் இழுத்தடிச்சேன். நீ ரெண்டு தடவ கேட்டே. நூல் புண்ணுன்னு சொல்லி உன்னத்தான் திட்டுனேன். டாக்டர்கிட்டயும் ரெண்டு மாசம்னு பொய் சொன்னேன். என்ன மன்னிச்சுரு புள்ள. இல்ல, மன்னிக்க வேண்டாம். என்னமோ ஒண்ணு சொல்லீரு."

நோட்டையும் பேனாவையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு மூடிவிட்டு, நோட்டைத் தள்ளி வைத்தாள்.

பேசினாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். அந்த வீட்டில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். கையை ஆட்டினாள். ஒரு இடத்தில் குரல் ஏறியது, கோபமாக இருக்கலாம். ஒரு இடத்தில் சிரித்த மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் என்னைச் சுட்டிக்காட்டினாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். வாய் ஓரத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பிடித்தால் போதும், மிச்சத்தை ஊகித்துக்கொள்வேன் என்று பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

முடித்துவிட்டு, கேட்டீங்களா என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். திரும்பச் சொல் என்று எந்த வாயால் கேட்பேன்? நான் தலையாட்டினேன். புரிந்தது என்று தலையாட்டினேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. கையை நீட்டி என் தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.